தட்டைப் பல், உருண்டைப் பல்

ஆம்ப்ளிஃபயர் எனக்கு இரண்டு வயது மூத்தது.
முகத்தில் அலுமினியம், ஆறு குமிழ்கள்.
முதுகில் எங்கு தேடியும்
சப்வூஃபர் என்ற சொல் இல்லை.
அந்தச் சொல் க்தான்ஸ்க் நகருக்கு
வந்து சேருமுன்னே
திருகி மூடிய பெட்டி அது.

இருந்தவை நான்கு துளைகள்,
ஒரு கோடும் ஒரு புள்ளியுமாக.
நான்கு ஆச்சரியக்குறிகள்.
இரண்டில் ஸ்பீக்கர்கள்.
மீதி இரண்டும்
நாற்பது வருடமாக
எதற்கென்று தெரியாமல் வியந்துகொண்டிருந்தன.

தட்டைப் பல் ஒன்று, உருண்டைப் பல் ஒன்று:
அப்படிப்பட்ட பிளக்கை இன்று யார் விற்பார்கள்?
ஞாயிற்றுச் சந்தையில்
கம்பளிக் குல்லாய்களுக்குப் பக்கத்தில்
ஒருத்தி ஜாம் புட்டியில் வைத்திருந்தாள்.
இரண்டு போதும் என்றேன்.
புட்டியோடுதான் என்றாள்.
பதினைந்து இன்னும் மிச்சம். யாருக்காவது வேண்டுமா?

சமையல் மேசையில் ஈயம் உருக்கினேன்.
சுவரிலிருந்து பிடுங்கிய மின்கம்பியைக்
கண்ணெதிரே போட்டுக்கொண்டேன்,
என்னையே நான் நம்பாததால்.
முறுக்கில் அடங்காத ஒரு செம்பு மயிர்
பக்கத்து முனையைத் தொட்டால் போதும்,
பழைய பெட்டி பொசுங்கிவிடும்.

போக்னா கேட்டாள்:
இந்தக் கிழட்டுப் பெட்டி
இவ்வளவு பாரத்தைத் தாங்குமா?
தாங்க ஒன்றுமில்லை என்றேன்.
புதியது இதனிடம் எதையும் குடிக்காது.
ஆற்றங்கரையில் நின்று
நீரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அவ்வளவுதான்.
அதன் தாகத்துக்குச் சுவரில் தனிக் குழாய் உண்டு.

பிறகு இடம்.
எங்கே வைப்பது என்று
கண்ணால் கண்டுபிடிக்க முடியாதாம்.
பெட்டியைச் சோபாவில் உட்காரவைத்து,
நான் உட்காரும் இடத்தில்,
பாட்டைப் போட்டுவிட்டுத்
தரையில் காதை வைத்துத் தவழ்ந்தேன்.
ஜன்னலடியில் ஒன்றுமேயில்லை.
கதவு மூலையில் ஒரே கும்மிருட்டு.
புத்தக அலமாரிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே
திடீரென்று ஒவ்வொரு அடியும்
தனித்தனியாக விழுந்தது.
அங்கேயே ஒரு சதுரங்கச் சிப்பாயும் கிடைத்தது,
போன வருடம் ஒருவரையொருவர்
திருடர் என்று திட்டிக்கொண்ட சிப்பாய்.

அதை அங்கே நகர்த்தி, மறுபடி போட்டால்
முன்பிருந்ததைவிடவும் வற்றல்.
லிஃப்ட் ஓடாத அன்று
இருபத்தொரு கிலோவை எட்டு மாடி சுமந்து
சத்தத்தைக் குறைத்திருக்கிறாய் என்றாள்.
பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச்:
சுழி, நூற்றெண்பது.
தள்ளினேன்.
அறைக்குத் தரை வந்தது.

இதுவரை ஒன்று தள்ளும்போது
மற்றது இழுத்திருக்கிறது, எதிரும் புதிருமாக,
இரண்டும் ஒன்றையொன்று தின்று...
என்று ஆரம்பித்தேன்.
எங்களை அதற்கு உவமையாக்காதே
என்று எழுந்து போய்
இசைத்தட்டை மாற்றினாள்.

பழைய தேவாலயம், ஆர்கன்.
இருபது வருடமாகக் கேட்கும் தட்டு,
எந்த இடத்தில் கீறல் என்பதுகூட மனப்பாடம்.
இரண்டாம் பகுதியின் நடுவில்
கால் கட்டைகள் எல்லாம் ஓய்ந்த இடத்தில்
அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்தது,
ஆர்கன் அல்லாத ஏதோ,
இடமிருந்து வலம் போய் மறைந்தது.

டர்ன்டேபிளின் உறுமல் என்றேன்.
அப்படியென்றால் எல்லா இடத்திலும்
உறுமியிருக்க வேண்டும் என்றாள்.
ஊசியைத் தூக்கி வைத்தோம்.
அதே இடம். அதே எட்டு நொடி.
டிராம், என்றாள்.
ஜன்னல்களை எல்லாம் சாத்தி
மைக்கை மாட்டித் தெருவையும் அடக்கியவர்கள்
தரையை மறந்திருக்கிறார்கள்.
ஒரு செவ்வாயோ புதனோ,
வேலை முடிந்து யாரோ ஈரக்குடையோடு
நின்றபடி போயிருக்கிறார்கள்.

இன்னொரு தடவை, என்றாள். டிராம் மட்டும்.
நான்காவது தடவை
ரேடியேட்டர் குழாயில் தட்டல்:
ஏழாம் மாடி கெர்வாசி, கரண்டியால், மூன்று முறை.
அலை வடிவில் கட்டிய கட்டடம்,
எந்த அலையும் யார் வீட்டிலும் நிற்பதில்லை.
குமிழைத் திருகினேன்.
டிராம் போயிற்று, ஆர்கன் இருந்தது.
பிறகு அதுவும் இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
கால் வழியே மெல்ல ஏறியது ஒரு முழக்கம்.
இருவரும் அலமாரிப் பக்கம் திரும்பினோம்.
பெட்டியின் விளக்கு சிவப்பு,
எப்போதோ தூங்கிப் போயிருந்தது.