மூன்றாம் பாடம்

சனிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால்
ஊக்கத்தொகையில் கை வைப்பார்களாம்:
'மன அழுத்தம் குறைய ஆறு பாடங்கள்.'
மூன்றில் நிற்கிறேன்.

மாரண்டஅள்ளியில் காலை எட்டு மணிக் குழு.
பதினோரு பேரில் ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள்.
தக்காளி கிலோ நாலு ரூபாய் சார்,
பறிக்கிற கூலிக்கே பத்தலை என்றாள் மாதம்மா.
குறிப்பேட்டைப் பார்த்தேன்.
அதில் தக்காளிக்குக் கட்டம் இல்லை.

சட்டைப் பையில் எது பட்டதோ,
போன் தானாகப் பேசியது:
மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்.
சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.
இழுத்தார்கள்.
அப்படியே நிறுத்துங்கள்.
நிறுத்தினார்கள்.

அங்கே வந்து சுற்றத் தொடங்கியது நெட்.

ஒன்பது முந்தானைகளும் அசையவில்லை.
ருத்ரம்மாவின் கழுத்து நரம்பு மட்டும் துடித்தது.
வெளியே பாலக்கோடு பஸ் ஹாரன் அடித்து
ஆள் ஏற்றி, கிளம்பியும் போய்விட்டது.

விடுங்கள் என்று
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
ஐந்து மாதமாக இவர்களிடம்
என் வாயில் வராத சொல்.

யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள்.
பிறகு சுருக்குப்பைகள் திறந்தன.

நாலாயிரத்து இருநூறு குறைகிறது.
மேலாளரிடம் என்ன சொல்வதென்று
நாலாம் பாடத்தில் இருக்கலாம்.