உயர விவரம் முழுமையில்லை

சமையல் மேசையில் விரித்தோம்.
மூலைகளுக்குப் பாரம்
சர்க்கரை டப்பா, ஸ்பானர், மொதெஸ்தின் கையுறை,
நாலாவதற்கு என் முழங்கை.
ஐம்பத்தாறில் அச்சான தாள்.
அங்குலத்துக்கு நான்கு மைல்.
அங்குலத்துக்கு ஒன்றரை லிட்டர் என்கிறான் மொதெஸ்த்,
பனி இறுகியிருந்தால்.

ஏரிகளை எண்ண உட்கார்ந்தவன்
சம்பளம் வாங்காமலே ஓடியிருப்பான்.
ஒன்றுக்கு ஹாஸ்கெட் என்று பேர்.
இத்தாலியில் குண்டடிபட்ட பையனாம்,
தெற்கே கோதுமைக்காட்டில் பிறந்தவன்,
இந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை.
எங்கள் தெனெப் பேச்சில் அது
கொழுப்பில்லா மீன் ஏரி.
அவன்மேல் எனக்கென்ன கோபம்?
இருபது வயதில் செத்தவனுக்கு
கொழுத்த மீனுள்ள ஏரியாகப் பார்த்துக்
கொடுத்திருக்கலாம்.

சம உயரக் கோடுகள் பழுப்பு.
காப்பிக் கோப்பை வைத்த வட்டமும் பழுப்பு.
"இந்தக் குன்று எத்தனை அடி?"
சிரிக்காமல் கேட்கிறாள் அல்ஃபோன்சின்.

வடகிழக்கில்
கோடுகளெல்லாம் சட்டென்று நின்றுவிடுகின்றன.
விமானம் படம் எடுத்த அன்று
அங்கே ஒரு மேகம் நின்றிருக்கிறது.
அவ்வளவுதான்.
ஒரு பிற்பகல் மேகம்,
இன்னும் கலையவில்லை.
வெள்ளைக்கு நடுவே பொடி எழுத்தில்:
உயர விவரம் முழுமையில்லை.

மொதெஸ்தின் பனிவண்டி
அதற்குள்தான் நிற்கிறது, பெல்ட் அறுந்து.
பின்னால் கட்டிய சறுக்குப்பலகையில் இரண்டு கரிபு மான்.
இரண்டு இரவு நடந்து வந்தான்.
ஓநாய்களுக்கு வரைபடம் வேண்டாம்.

ஓரத்தில் காந்த ஊசிக்கு ஒரு குறிப்பு,
இத்தனை பாகை கிழக்கு,
வருஷத்துக்கு இத்தனை கலை குறையும் என்று.
விரல்விட்டுக் கழித்துப் பார்த்துப் பாதியில் விட்டேன்.
அவர்கள் சொன்னதைவிட வேகமாக
ஊசியின் வடக்கு நடந்துபோயிருக்கிறது.
போகட்டும்,
காற்று எடுத்துவிட்ட பனி வகிடுகள் இருக்கின்றன,
அவற்றைக் குறுக்கே வெட்டிப் போனால் போதும்.

"அங்கே குன்று இருக்கு" என்றான்.
பென்சிலால் வெள்ளையில் ஒரு வளையம் போட்டேன்.
"இன்னும் பெரிசு."
இன்னொன்று.
"இன்னும்."
"நீ களைத்திருந்தாய், அதற்காகக் குன்று வளருமா?"
இது அல்ஃபோன்சின்.
மூன்றாவது வளையம் போடும்போது மடிப்பு குறுக்கிட்டது.
தேய்ந்த தாளைத் துளைத்து
முனை கீழே இறங்கிவிட்டது,
மேசை விரிப்பின் ரோஜா ஒன்றுக்குள்.

விடியப் பத்து மணியாகும்.
டின்களை நிரப்பி வைத்தோம்.
புது பெல்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்,
வயிற்றோடு ஒட்டி.
விறைத்தால் அதுவும் அறும்.