பின்சில்லுக்கு ஒரு முழம்

எத்தாம்பில் ரயில் முடிகிறது. காலை ஏழரை.
ஐந்து சைக்கிளையும் படிக்கட்டால் தூக்கி இறக்குகையில்
குகதாசனின் பையிலிருந்து புட்டுப் பெட்டி உருண்டு
தண்டவாளத்தில் விழாமல் தப்பியது.
ஐந்தாம் நாள் கிரான்வில், கடல்.
இன்றைக்குச் சமவெளி மட்டும், என்றான் புருனோ,
வரைபடத்தில் ஒரு மேடுகூட இல்லை, சும்மா வெண்ணெய்.

காற்றை வரைபடத்தில் போடுவதில்லை.

கோதுமை முழுக்க எங்களைப் பார்த்துக் குனிந்தது,
மரியாதையில் அல்ல,
மேற்கிலிருந்து விழுந்த தள்ளில்.
மரம் கிடையாது, மதில் கிடையாது.
ஒதுங்க இருப்பது முன்னே போகிறவரின் முதுகு.
ஆளுக்கு ஐந்து நிமிடம் முன்னால் நின்று காற்றை வாங்குவது,
பிறகு விலகி வாலுக்கு வருவது.
புருனோவின் சட்டம்.
அந்தச் சட்டத்தில் றெஜிக்கு அடுத்தது நான்.

றெஜியோடு கதைத்து எட்டு மாதம்.
சீட்டுக் காசு, மூவாயிரத்து இருநூறு.
கழிவுக்கு எடுத்தவன் மூன்று தவணை கட்டினான்,
பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.
பிணை நின்றது நான்.

முகத்தைப் பார்க்காதவளுக்கு
இன்று முழுநாளும் முதுகு:
மஞ்சள் சட்டை, கொஞ்சம் தாழ்ந்த வலது தோள்,
உணவகத்தில் கோப்பைத் தொட்டிப் பக்கம் சாய்ந்தே பழகிய தோள்.
கெட்ட வார்த்தை ஒன்றை அதற்குக் குறிவைத்தேன்.
வாயைத் திறந்தால்
காற்றுதான் உள்ளே வந்தது.

அப்போது அவன் இடது கை பிடியை விட்டு இறங்கி
இடுப்புக்குப் பின்னால் நிலத்தைச் சுட்டியது.

பள்ளம்.

எட்டு மாதத்தில் எனக்குச் சொன்ன முதல் சேதி.
விலகினேன். என் கையும் தானாகப் பின்னால் போய்
வதனிக்குச் சொன்னது.
பிறகு உடைந்த போத்தல். பிறகு மணல்.
பிறகு, நசிந்த ஒரு முள்ளெலி.

திங்கட்கிழமை, ஊருக்கு ஊர் வெதுப்பகம் பூட்டு.
தண்ணீர் முடிந்த இடத்தில்
சவக்காலைக்குள் குழாய் இருக்கும் என்று
புருனோ படலையைத் தள்ளினான்.
"செத்த வீட்டுக்குப் போனாலே தலைமுழுகிற ஆக்கள்,
இஞ்ச குடிக்கிறதோ?" என்ற வதனி
இரண்டு போத்தல் குடித்தாள்.
மதிலில் குந்தியிருந்து புட்டுத் தின்றோம்.
றெஜி எல்லார் போத்தலையும் நிரப்பினான்.
என்னுடையதைக் கையில் தரவில்லை,
ஒரு கல்லறை விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்தான்.
அது தானாக நிரம்பியது போல
நானும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்குத் தெரிந்தது சார்த்ர் தேவாலயம்,
கோதுமைக்கு மேல் இரண்டு கூம்பு, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை.
மூன்று மணிக்கும் அதே அளவு.
ஒரு தானியக் களஞ்சியம் அதை மறைத்துத் திரும்பக் காட்டியபோது
இன்னும் தள்ளிப் போயிருப்பதாகக்
குகதாசன் சத்தியம் செய்தான்.

கடைசிப் பத்துக் கிலோமீற்றர் றெஜி முன்னே நின்றான், விலகவில்லை.
ஐந்து நிமிடம். பத்து. இருபது.
புருனோ கத்தினான்.
கேட்கவில்லையோ, கேட்டும் மிதித்தானோ.
வட்டி கட்டுகிறான் என்று நினைத்தேன்.
அப்படி நினைத்த என்னை எனக்கே பிடிக்கவில்லை.
மூவாயிரத்து இருநூறு
காற்றில் கழியாது, அதுவும் தெரியும்.

இரவு மழை.
மறுநாள் நொஜோன் போகும் வழியில் காற்று திரும்பிவிட்டது,
முதுகில் கை வைத்து யாரோ தள்ளுவது போல.
ஒருவருக்கும் ஒருவர் தேவைப்படவில்லை.
புருனோ எங்கோ முன்னால் சீட்டியடித்துக்கொண்டு,
வதனியும் குகதாசனும் பசுக்களைப் படமெடுத்துப் பின்தங்கி.
ரோட்டு முழுக்க இடம்.
நான் மட்டும் அவன் பின்சில்லுக்கு ஒரு முழத்தில்.
பழக்கம், என்று சொல்லிக்கொண்டேன்.

இடது கை இறங்கியது.
சின்னக் கல்.
எப்போதோ என் கண்ணில் பட்டுவிட்ட கல்.
விலகினேன்,
பின்னால் ஒருவரும் இல்லாத ரோட்டுக்கு
நானும் கை காட்டினேன்.