ஒளிக்கசிவு

முதலாம் இதழில் ஒரு படம்கூட இல்லை.
புளொக் செய்யக் காசில்லை.
சினிமாப் பத்திரிகை என்கிறீர்கள், படம் எங்கே
என்று டொக்யார்ட் வீதிக் கடைக்காரர் கேட்டார்.
அட்டையில் ஒரு வெற்றுச் சட்டம் போட்டிருந்தோம்,
நாலுக்கு மூன்று.
அதுதான் படம் என்றான் குகபாலன்.
அவர் அதைக் கடலை சுற்ற எடுத்துக்கொண்டார்.

நான் துறைமுகத்தில் தட்டெழுத்தாளர்.
கப்பல் பட்டியல்களுக்கு நடுவே ஸ்டென்சில் வெட்டினேன்.
இரண்டாம் இதழ், ஏழாம் பக்கம்,
வசனமில்லாத ஒரு குறும்படத்தின் நட்டநடுவில்
'கோதுமை, நாலாயிரம் தொன், சீனக்குடா' என்று வந்துவிட்டது.
பாராட்டி வந்த ஒரேயொரு தபாலட்டை
அந்த வரிக்குத்தான்.

நாங்கள் எழுதிய படங்களை நாங்கள் பார்த்ததில்லை.
இதைச் சொல்ல எனக்கு முப்பது வருசம் எடுத்தது.
றபியூத்தீனின் மச்சான் ஒரு கப்பலில் சமையல்.
இறங்கிய துறைகளில்
பத்துப் பேர் இருக்கும் அரங்குகளைத் தேடிப்போய்
பார்த்ததைக் கடிதமாய் அனுப்புவார்:
'ஒன்பது நிமிசம் ஒரு ஜன்னல்.
பிறகு மழை.
பிறகு ஜன்னல் இல்லை. மழை இருந்தது.'
அதிலிருந்து பன்னிரண்டு பக்கம் எழுதினோம்.
எங்களுக்குத் தெரிந்த ஜன்னல்
உட்துறைமுக வீதியில்,
ஊரடங்கில், உள்ளே கொளுக்கி போட்டது.

ரோனியோ மெசின் கிண்ணியாவில்.
நாலாம் இதழின் ஸ்டென்சில்களோடு
றபியூத்தீன் பாதையில் ஏறினான்.
நடுத்தண்ணீரில் நேவிப் படகு கிட்ட வர
மெல்லத் தண்ணிக்குள் விட்டான்.
மெழுகுத்தாள் தாழுமா?
பதினாறும் பாதைக்குப் பின்னாலேயே வந்தன.
நேவிக்காரன் ஒன்றைக் கொக்கியால் எடுத்து
வெயிலுக்குப் பிடித்தான்.
வெட்டிய எழுத்துகளூடாக வெளிச்சம்
அவன் முகத்தில், கழுத்தில், சட்டைப் பொத்தானில்
எங்கள் ஆசிரியத் தலையங்கமாய் விழுந்தது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு
நெடுநேரம் பார்த்தானாம்.

றபியூத்தீனை மூன்றாம் நாள் விட்டார்கள்.
இடது காது கேட்கவில்லை.
ஐந்தாம் இதழில்
படங்களில் ஒலி பற்றி எழுதினான்.
நாங்கள் போட்டவற்றில் அதுதான் நல்ல கட்டுரை.

ஆறாம் இதழை மான் தின்றது.
பகிடியில்லை.
கோட்டை வாசலில், சைக்கிள் கரியரில் வைத்தபடியே,
இருபத்தைந்து பிரதி.

ஏழாவதில் 'அடுத்த இதழில்' என்று
எட்டுத் தலைப்புகள் போட்டோம்.
குகபாலன் அந்தக் கிழமையே கனடா போனான்.

போன மாதம் பேராதனையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள்,
மடிக்கணினியோடு.
இதுதானே அன்ரி, நீங்க எழுதின படம்?
ஜன்னல் இருந்தது.
ஒன்பது நிமிசம், சொன்னபடி.
மழை இல்லை.
இது கழுவித் திருத்தின பிரதி, அன்ரி,
பழையதில் முழுக்கக் கீறல் என்றாள்.

பன்னிரண்டு பக்கத்தில்
பதினொன்று மழைக்கு.

தேத்தண்ணி ஊற்றினேன்.
நாலாம் இதழ் எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள்.
கிண்ணியாவுக்கு இப்போது பாலம் போட்டுவிட்டார்கள்,
பஸ்ஸில் வலதுபக்கம் இருந்து போ என்றேன்.