குதிரைவால் தொடங்கும் இடம்

டர்பன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தார்கள்,
விடியற்காலை மூன்று பத்துக்கு.
பூபாலன் மூட்லி, வயது நாற்பத்தாறு,
கன்டெய்னருக்குக் கம்பி முடுக்குகிறவர்.
இரண்டாம் அடுக்கிலிருந்து விழுந்ததில்
முதுகுதான் முதலில் தரைக்கு வந்தது.

கையில் இன்னும் ஒற்றைக் கையுறை, கிரீஸ் நாற்றம்.
"அசையாதீங்க" என்றேன்.
"அசையல டாக்டர், அதான் பிரச்சினை."

திருப்ப வேண்டும். மரக்கட்டையைப் போல,
தலை தோள் இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில்.
தலையைப் பிடிக்கிறவர் சொல்வதே சட்டம்.
நொக்வாசி பிடித்தாள்.
குன்யே, குபிலி, குதாத்து —
எட்டுக் கைகள் ஒரே மூச்சில்.

சட்டையைக் கத்தரித்ததும் முதுகு.
கழுத்தடியில் துருத்தும் ஏழாவது எலும்பில் தொடங்கி
விரலால் இறங்கினேன்,
மின்சாரம் போன இரவில் படி எண்ணுகிறவளாய்.
மார்புக்குப் பன்னிரண்டு. ஒன்பது, பத்து, பதினொன்று.
அடுத்த படி உள்வாங்கியிருந்தது.
அவர் பல்லைக் கடித்தார்.
"பன்னிரண்டு" என்றேன். யாரோ எழுதினார்கள்.

நேற்று மாலைவரை இந்தத் தண்டு
பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தது,
டாக்சியில் பின்சீட்டுக்காரனைத் திட்ட முறுகித் திரும்பியது.
ஒவ்வோர் எலும்பும் அசைவது கொஞ்சம்தான்.
எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு வணக்கம்.

முதுகில் புண் என்றால் பழைய கணக்கில் இழுக்கு.
அந்தக் கணக்கை எழுதியவர்கள்
மழைக்காற்றில் கப்பல்தளத்தில் நின்றதில்லை.

மல்லாக்கக் கிடத்திக் கண்ணை மூடச் சொன்னேன்.
அவருக்குத் தமிழ் அரைகுறை; இதற்கு இரண்டு சொல் போதும்.
ஒரு கையில் ஊசி, மறுகையில் பஞ்சு.
தோள்: குத்துது.
சுண்டுவிரல்: தடவுது.
மார்பு: குத்துது.
தொப்புள்: குத்துது, மெதுவா.
தொப்புளுக்குக் கீழே நாலு விரல்.
தொடை.
முழங்கால்.
"ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?"

நீலப் பேனாவால் வயிற்றின் குறுக்கே கோடு போட்டேன்,
பக்கத்தில் மணி எழுதினேன்.
கோட்டுக்கு மேலே பூபாலன்.
கீழே, அவர் பெயரில் இரண்டு கால்கள்.

படம் வந்ததும் காட்டச் சொன்னார்.
இங்கே தண்டுவடம் கூம்பி முடிகிறது,
அதற்கப்புறம் நரம்புகள் கொத்தாகத் தொங்கும்,
குதிரைவால் என்று பெயர் என்றேன்.
கிரேவில் பந்தயத்தில் இருபது வருஷச் சம்பளம் போயிற்றாம்.
அப்போதுதான் சிரித்தார்.
"எத்தனாம் நம்பர் குதிரை?"

கடைசிச் சோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.
உட்கார்ந்தால் நாற்காலிக்கு மட்டும் தெரியும் இடம் அது.
தண்டின் கடைக்கோடி நரம்புகளுக்கு அங்கேதான் குடியிருப்பு.
தெரு முழுக்க இருண்ட பிறகு
கடைசி வீட்டில் விளக்கு எரிகிறதா என்று
போய்ப் பார்க்கிற மாதிரிதான்.
சொன்னேன். முகத்தைத் திருப்பக் கழுத்துப்பட்டை விடவில்லை,
கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டார்.
திரையை இழுத்து, மறுபடியும் குன்யே, குபிலி.

பஞ்சு.
ஆக்சிஜன் இரைகிறது. எங்கோ ஒரு தள்ளுவண்டி.
"தடவுது" என்றார்,
வெட்கத்தில் குரல் பாதியாகி.
ஊசி?
"குத்துது. போதுமா?"

நொக்வாசி என்னைப் பார்க்காமல் எழுதினாள்:
முழுச்சேதம் அல்ல.
பேனாவை இருமுறை அழுத்தி எழுதினாள்.

வெளியே மகள், தவராணி,
குடிக்காத காபியோடு.
"நடப்பாரா?"
தெரியாது என்று தமிழில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன்.
இரண்டிலும் அதே எடை.
தெரிந்த ஒன்றையும் சொன்னேன். எந்த இடம் என்று மட்டும்
சொல்லவில்லை.

ஏழு மணிக்கு வார்டுக்காரர்
வெந்நீரும் துணியுமாக வந்தார்.
வயிற்றுக் கோட்டை அழிக்காதீர்கள் என்று
அட்டையில் எழுதிக் கட்டிலில் தொங்கவிட்டேன்.
நாளைக்கு அதன் கீழே,
ஒரு விரலோ அரை விரலோ தள்ளி,
இன்னொன்று போட வேண்டியிருக்கலாம்.