போறணைக்குப் பக்கத்தில் ஒரு குளிர்ந்த போத்தல்

இரவு எட்டரைக்கே தொடங்கிவிடுகிறது
என் காலைச் சாப்பாடு.
ஒரு கோப்பை தேங்காய்ப்பால், முதற்பால்.
மூன்று கரண்டி சியா விதை.
உப்பு, கிள்ளுப் போல.
ஏலக்காய் இரண்டைத் தட்டிப் போடுவேன்
இனிப்பென்று நாக்கை ஏமாற்ற.
ஏமாறாது.
முப்பத்தொரு வருடம் பாண் சுட்டவனின் நாக்கு அது.

கிளறியவுடன் மூடிவிடக்கூடாது.
ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
முதல்நாள் கிளறினேன், மூடினேன், படுத்தேன்.
எழும்பிப் பார்த்தால்
அடியில் சீமெந்துக் கட்டி, மேலே வெறும் பால்.
பத்து நிமிடம் பொறுத்து
மறுபடி ஒருக்கால் கிளற வேண்டும்.
மாவையும் அப்படித்தானே
ஆறவிட்டுத் திரும்பக் குழைக்கிறேன்.
கைக்குத் தெரிந்திருந்தது.
நான்தான் கையைக் கேட்கவில்லை.

எந்த விலையையும் றாத்தல் பாணில்தான்
எனக்கு எண்ணத் தெரியும்.
இந்தச் சின்னப் பைக்கற், பதினொரு றாத்தல்.
ஆஸ்பத்திரி வீதிக் கடையில்
காசு வாங்கும் பிள்ளை கேட்டாள்:
"ஐயா, கசகசாவோ? சர்பத்துக்கோ?"
"இல்லைப் பிள்ளை, சோத்துக்குப் பதிலாய்."
அவள் சிரிக்கவில்லை.
தாய்க்கும் சீனி வருத்தமாம்.
எவ்வளவு நேரம் ஊறவேணும் என்று
பில்லின் முதுகில் எழுதிக்கொண்டாள்.

கிளினிக்கில்
அட்டையைப் பார்த்தபடி மிஸ் கேட்டா:
"பாண் எத்தினை துண்டு சாப்பிடுறியள்?"
"நானூறு றாத்தல் சுடுறன், மிஸ்."
"நான் கேட்டது சாப்பிடுறதை."
முதற் சூட்டில் ஒரு முனை,
வெண்ணெய் பூசாத ஒரு பணிஸ்,
உடைந்துபோனது, கருகியது, விலைப்படாதது.
இதையெல்லாம் சாப்பாடென்று
நான் எண்ணியதே இல்லை.
அவ எண்ணினா. அட்டையில் எழுதினா.

இரண்டு மணிக்குச் சைக்கிள்.
கோண்டாவில் வீதியில் நாய்களும் நானும்.
கைபிடியில் தொங்கும் பையில் ஜாம் போத்தல்
என் முழங்காலில் தட்டித் தட்டி வரும்.
மா எழும்புவதற்குச் சூடு வேண்டும்.
இது குளிரில் இறுகுகிறது.
போன கிழமை இரவு முழுக்கக் கரண்ட் இல்லை,
பால் புளித்துவிட்டது.
அன்றைக்கு இரண்டு முட்டையோடு
போறணைக்கு முன்னால் நின்றேன்,
தேர்த்திருவிழாவில்
விரதக்காரன் நிற்பதுபோல.

மூன்றே முக்காலுக்கு முதற்தட்டு வெளியே வரும்.
அந்த வாசத்தைப் பற்றி எழுதமாட்டேன்.

முன்பெல்லாம் பிய்த்து வாயில் போட்டுப் பதம் பார்ப்பேன்.
இப்போது மரியநாயகம் வாயில் போடுகிறான்,
நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.
அவனை நம்பேலாது, அவனுக்கு எல்லாம் ருசி.
ஆகவே பாணைக் கவிழ்த்து
அடியில் விரலால் தட்டுகிறேன்.
வெந்திருந்தால் வெறும் பெட்டிபோல் ஒலிக்கும்.
வேகாதது பேசாது.

பிறகு மா மூடையில் குந்தி என் போத்தலைத் திறப்பேன்.
"அண்ணை, உது தவளை முட்டை."
தெரியும். நாலு மாதமாய் அதைத்தான் சொல்கிறான்.
ஒவ்வொரு விதையும்
தன்னைச் சுற்றி ஒரு குளம் கட்டிக்கொண்டு
கரண்டியில் வழுக்கும்.
கடித்தால் நடுவில் சின்னதாய் ஒரு நொறுக்கு.
ருசி என்று சொல்லமாட்டேன்.
பதினொரு மணிவரை பசிக்காது, அது உண்மை.

ஆனி மாதம் ஒருநாள்
கரண்டி அடியைத் தொட்டபோது
மஞ்சளாய் ஏதோ தட்டுப்பட்டது.
கறுத்தக்கொழும்பான். விரலளவு துண்டு.
லோஜினியின் வேலை.
கண்டுபிடித்தபோது பாதி விழுங்கியாயிற்று.
மிச்சத்தை மரியநாயகத்திடம் கொடுத்தேன்
என்று எழுதத்தான் ஆசை.
வீட்டில் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
கழுவ வைத்த போத்தலை மட்டும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஆறு மணி. கடைக்கதவு திறக்கிறது.
"நல்லாய் வெந்ததோ?" என்கிறார் பென்சன்காரர்.
றோஸ் பாணைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டுகிறேன்.
அவர் காதைச் சாய்க்கிறார்.
பல்லிடுக்கில் அகப்பட்ட ஒரு விதையை
என் நாக்கு தேடிக்கொண்டிருக்கிறது.