உண்மை நகல்

திங்கட்கிழமைதான் கொக்கிரகுளத்தில் எனக்குத் தீபாவளி.
கலெக்டரிடம் மனுக் கொடுக்க வருகிறவர்களுக்கு
எதுவும் இரண்டு பிரதி வேண்டும்.
என் ஜெராக்ஸ் மிஷினுக்கு இடப்பக்கம்
பிளாஸ்டிக் ஸ்டூலில் உலகம்மாள்.
மனு ஒன்றுக்கு இருபது ரூபாய்,
விதவைப் பென்ஷன் என்றால் பத்து,
புருஷன் அடித்தான் என்றால் சும்மா.

பதினோரு வருஷம் எழுதினாள்.
சிந்துபூந்துறைச் சாக்கடை
யார் வீட்டுக்குப் பின்னால் திரும்பி
எந்தப் படிக்குப் பக்கத்தில் ஆற்றில் விழுகிறது என்று
என்ஜினீயருக்குத் தெரியாது.
அந்த ஒரு சாக்கடைக்கே நூற்றுநாற்பது மனு
அவள் கையெழுத்தில் போயிருக்கிறது.

வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள்.
கட்சிக்காரர்கள் வீட்டுக்கு ஓடி
மனைவிமாரைப் போட்டோ எடுத்தார்கள்.
இவள் ஸ்டூலை என் கடைக்குள் தள்ளிவிட்டு
"வேட்புமனுவும் மனுதானே அண்ணாச்சி" என்றாள்.

சின்னம் சீப்பு.
வழுக்கைத்தலையன் ஓட்டு விழாது என்று
டீக்கடையில் சிரித்தார்கள்.
"ஊரு சிக்குப் பிடிச்சுல்லா கெடக்கு."
அறுபத்துமூன்று ஓட்டில் ஜெயித்தாள்.
வெற்றிச் சான்றிதழை நான்தான் நகலெடுத்தேன்.
ஓரத்தில் மெல்லிசாய் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.
"கெடக்கட்டும்" என்றாள். ஒரு ரூபாய் வைத்தாள்.

மாமன்றத்தில் அவள் எழுந்தால் மைக் கரகரக்கும்.
மைக் இல்லாமல் பேசப் பழகினாள்.
"தீர்மானம் பதினாலு, மூணாம் பக்கம்,
கீழருந்து ரெண்டாவது வரி.
ஒரு சைபர் கூடக் கெடக்கு."
கமிஷனர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
கிடந்தது.

இரண்டாம் முறையும் ஜெயித்தாள்; அந்த முறை சின்னம் விசில்.
இரண்டு கோஷ்டியும் ஒத்துவராத ஒரு மத்தியானம்
யாருக்கும் வேண்டாத பெயர் என்பதாலேயே
அவள் பெயர் தேறியது.
துணை மேயர்.
மழை நாளில் காரைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு
எந்த மேன்ஹோல் மூடி ஆடுகிறது என்று
செருப்பால் தட்டித் தட்டி நடப்பாள்.
"தரையப் பாத்துத்தான் போறா, ஆளப் பாக்க மாட்டா"
என்று ஒரு குறை இருந்தது. உண்மைதான்.
கல்யாண வீட்டில்கூட அங்கணத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் வந்தது.
பைப் வந்தது, பைப்பைவிடத் தடியாக பில் வந்தது.
பில்லின் மேல் 'ஆட்சேபணை' என்று எழுதித்
தேதி போட்டாள்.

ஒரு வியாழக்கிழமை, கடை சாத்துகிற நேரம்
கவுன்சிலர் ஒருவர் தாளொன்றைக் கொண்டுவந்து
கண்ணாடிமேல் அவரே கவிழ்த்தினார்.
"முப்பது காப்பி. வாசிக்காதிய."
வாசித்தேன்.
தலைகீழ் எழுத்து எங்களுக்குப் பழக்கம்.
நம்பிக்கையில்லாத் தீர்மானம்.
கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர்
தாய்மாருக்கு அவளிடம்தான்
பென்ஷன் மனு எழுதி வாங்கினார்கள்.
வெளிச்சம் முப்பது தடவை போய்ப் போய் வந்தது.
முப்பது ரூபாய்.
அவள் நம்பர் என் போனில் இருந்தது.
கடை இருப்பது மாநகராட்சி இடம்,
மகளுக்குக் காலேஜ் பீஸ்,
என்னென்னவோ நினைத்துக்கொண்டே ஷட்டரை இழுத்தேன்.

விழுந்தாள்.
அடுத்த தேர்தலுக்குள் வார்டையே
நாலாய்க் கிழித்து நாலு பக்கம் ஒட்டிவிட்டார்கள்.

இப்போது மறுபடி என் இடப்பக்கம். மனு முப்பது ரூபாய்.
போர்டில் 'முன்னாள் துணை மேயர்' போடுவோமா என்றேன்.
"முன்னாலதான இருக்கேன்,
எழுதி வேற வைக்கணுமாக்கும்?"

நேற்று அவளே ஒரு தாள் நீட்டினாள்.
பெறுநர்: துணை மேயர் அவர்கள்.
பொருள்: சிந்துபூந்துறைச் சாக்கடை.
இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.
ஓரத்துக் கறுப்புக் கோட்டை
மேலிருந்து கீழாக விரலால் தடவினாள்.
இந்தக் கீறல் ஜில்லாவில்
வேறெந்த மிஷினுக்கும் கிடையாது.
அந்த முப்பதில் ஒன்று
அவள் கைக்கும் போயிருக்கும்.

"டிரம்மை மாத்துங்க அண்ணாச்சி" என்றாள்,
இரண்டு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு.